தொண்டு நிறுவனங்களின் செயல்தரத்தை அளக்க: மாவட்ட அளவில் ஒரு பேஸ்லைன் ஆய்வைத் திட்டமிடும் முறை

தொண்டு நிறுவனங்களின் தரத்தை அறிய எடுக்கப்படும் பேஸ்லைன் ஆய்வுகளில் (பின்னால் வரும் மாற்றத்தை ஒப்பிட, தொடக்க நிலையைப் பதியும் ஆய்வுகள்) பல, ஒரே இடத்தில் சறுக்குகின்றன. செயலாளரிடம் படிவத்தை நீட்டி, "உங்கள் நிதி நிர்வாகத்துக்கு 5-க்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர் 4 போடுகிறார். இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் 3 போடுகிறார். இடையில் நிர்வாகம் கெட்டுப்போகவில்லை. நல்ல நிதி நிர்வாகம் எப்படி இருக்கும் என்பது பயிற்சியில்தான் அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. ஆனால் அறிக்கையில் அது சரிவாகப் பதிவாகிவிடும்; பயிற்சி வீண் என்று யாரோ முடிவு கட்டுவார்கள்.

எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைப் பிடித்துப் போகிறது: நிர்வாகி சொல்வதை அளக்க வேண்டாம், அவர் காட்டுவதை அளக்க வேண்டும். உதாரணத்துக்குத் தமிழ்நாட்டின் ஒரு டெல்டா மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் பெருமளவில் வந்து வேலை செய்த பகுதி அது. கீழே வரும் எண்ணிக்கைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை.

முதலில் எழுத்தில் தீர்க்க வேண்டியவை

ஆய்வின் முடிவை யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள், தனி நிறுவனத்தின் மதிப்பெண்ணை யார் பார்ப்பார்கள், மறு ஆய்வு எந்த ஆண்டு. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, நிதி கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. மதிப்பெண் நிதி வழங்குபவரின் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால், எந்த நிறுவனமும் தன் குறையைக் காட்டாது. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அதன் கீழ் பதிவு உள்ள நிறுவனங்கள் எந்த விசாரிப்பையும் அச்சத்தோடுதான் பார்க்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. தனி மதிப்பெண் அந்த நிறுவனத்துக்கு மட்டும், வெளியே போவது மாவட்டத் தொகுப்பு மட்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நிதி தருபவர் இதற்கு இணங்காவிட்டால், அதைத் தணிக்கை என்று சொல்லித் தனியாகச் செய்யட்டும். பேஸ்லைன் என்று பெயர் வைக்கக் கூடாது.

பட்டியல் தயாரிப்பு

மாவட்டத்தில் எத்தனை தொண்டு நிறுவனங்கள் உண்மையில் இயங்குகின்றன என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஒற்றைப் பட்டியல் கிடையாது. ஆறேழு இடங்களில் சேகரித்து ஒன்றாக்க வேண்டும்: மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் சங்கப் பதிவுகள், தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோகின் தர்பன் இணையதளம், உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ தளம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சமூக நலத்துறை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பேரிடர் ஆயத்தக் கூட்டங்களுக்கு ஆட்சியர் அலுவலகம் அழைக்கும் அமைப்புகளின் பட்டியல்.

இதில் மூன்று சிக்கல்கள் வரும். ஒன்று, பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. மாவட்டங்கள் பிரிந்த பகுதிகளில் (நாகையிலிருந்து மயிலாடுதுறை 2020-இல் பிரிந்தது) பழைய முகவரியோடு பல சங்கங்கள் இன்னும் ஏடுகளில் இருக்கும். இரண்டு, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை எல்லாம் தொண்டு நிறுவனம் அல்ல. குடியிருப்போர் நலச்சங்கம், சாதிச் சங்கம், விளையாட்டுக் கழகம், வணிகர் சங்கம் எல்லாம் அதே பட்டியலில்தான் வரும். மூன்று, அறக்கட்டளைகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவாகின்றன. அவற்றைச் சங்கங்களின் பட்டியலில் தேடிப் பயனில்லை. வருமான வரிப் பதிவும் தர்பன் எண்ணும்தான் அவற்றைக் கண்டுபிடிக்க உதவும்.

ஒரே நிறுவனம் நான்கு விதமான எழுத்தில் வரும் என்பதால் பெயரை வைத்து இரட்டைப் பதிவை நீக்க முடியாது. பான் எண்ணை வையுங்கள். அது கிடைக்காவிட்டால் தர்பன் எண். ஒரே தலைவர் ஒரு சங்கமும் ஒரு அறக்கட்டளையும் வைத்திருந்தால், தனி வங்கிக் கணக்கும் தனித் தணிக்கை அறிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாக எண்ணலாம்.

அடுத்து உயிரோடு இருப்பவற்றைப் பிரிக்க வேண்டும். கடந்த 12 மாதத்தில் குறைந்தது ஒரு களப்பணியும் ஒரு வங்கிப் பரிமாற்றமும் நடந்திருந்தால் "இயங்குகிறது". வெவ்வேறு நாட்களில் மூன்று தொலைபேசி அழைப்பு, பிறகு ஒரு நேரடிப் பார்வை. அதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் "கண்டறிய இயலவில்லை" என்று தனியாக எழுதுங்கள். அதை அழித்துவிடாதீர்கள். எத்தனை நிறுவனங்கள் ஏட்டில் மட்டும் இருக்கின்றன என்பதே மாவட்டத்தின் நிலையைச் சொல்லும் ஒரு முடிவுதான்.

எத்தனை நிறுவனங்கள் போதும்

இயங்குபவை 300 என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பகத்தில் 5 சதவீதப் பிழை மட்டும் (மாதிரியில் வரும் சதவீதம் உண்மையிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாது என்று 95 சதவீதம் நம்பலாம்) என்று கேட்டால் 169 நிறுவனங்கள் தேவை. 10 சதவீதப் பிழையை ஏற்றால் 73 போதும். சூத்திரம் எளிது: பெரிய மக்கள்தொகைக்கான எண்ணை (5 சதவீதத்துக்கு 384, 10 சதவீதத்துக்கு 96) எடுத்து, அதில் ஒன்றைக் கழித்து, மொத்த நிறுவனங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததோடு 1 கூட்டி, அதனால் முதல் எண்ணை வகுக்க வேண்டும். 96-க்கு: 95-ஐ 300-ஆல் வகுத்தால் 0.317, 96-ஐ 1.317-ஆல் வகுத்தால் 73.

இந்த ஆய்வுக்கு 73-ஐத்தான் பரிந்துரைப்போம். 169 நிறுவனங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட 73 நிறுவனங்களின் ஏடுகளைத் திறந்து பார்ப்பது மதிப்புள்ளது. மாவட்டத்தில் மொத்தமே 100-க்குள் என்றால் மாதிரி எடுக்காமல் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

குலுக்கல் முறையில் அப்படியே எடுத்தால் சிறிய அமைப்புகளே நிறைய வரும். பெரியவை நாலைந்துதான் சிக்கும். எனவே ஆண்டு வரவை வைத்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: 10 லட்சத்துக்குக் கீழ், 10 லட்சம் முதல் 1 கோடி, 1 கோடிக்கு மேல். அவை முறையே 180, 90, 30 என்றால் 37, 24, 12 என்று எடுக்கலாம். பெரியவற்றை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருக்கிறோம்; இதைப் பின்னால் கணக்கில் சரிசெய்ய வேண்டும். மறுத்தவருக்குப் பதில் அதே அடுக்கிலிருந்து அடுத்தவரை எடுக்கலாம். ஆனால் மறுப்புகளைக் காரணத்தோடு எண்ணிவையுங்கள். கணக்கு வழக்கில் பலவீனமான அமைப்புகளே அதிகம் மறுக்கக்கூடும் என்பதால், மறுப்பு மிகுந்தால் உங்கள் முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

அளவுகோலை எழுதுவது

புதிதாகத் தரநிலை எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மனிதநேயப் பணிகளுக்கான அடிப்படைத் தரநிலை 2014-இல் வெளியாகி 2024-இல் திருத்தப்பட்டது. ஒன்பது உறுதிமொழிகள் கொண்டது. பேரிடர் பணி செய்த அமைப்புகளுக்கு, நிவாரணப் பணியின் சர்வதேசக் குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு வழியாக அது பழக்கம். இந்தியாவில் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கிரெடிபிலிட்டி அலையன்ஸ் வகுத்த குறைந்தபட்ச நெறிகளும் உண்டு. இவற்றோடு சட்டக் கடமைகளைச் சேர்த்து ஐந்து பகுதிகளாக்குங்கள்: ஆளுகை, நிதி, பணியாளர், திட்டப்பணி, மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை. பகுதிக்கு 8, மொத்தம் 40 அளவீடுகள். இதற்கு மேல் போனால் ஒரே நாளில் ஏடுகளைப் பார்த்து முடிக்க முடியாது. கடைசி 20 கேள்விகளுக்கு வாய்ப்பேச்சுதான் பதிலாகும்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் இரண்டு கட்டங்கள் வையுங்கள். முதலாவது ஏடு: எழுதப்பட்ட கொள்கையோ பதிவோ இருக்கிறதா. இரண்டாவது நடைமுறை: கடந்த 12 மாதத்தில் அது நடந்ததற்குச் சான்று இருக்கிறதா. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் கலக்கும் ஆய்வுகள்தான் அதிகம். அப்படிக் கலந்தால் முற்றிலும் வேறான இரண்டு நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பெறும். ஒன்று இணையத்திலிருந்து எடுத்த குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைக் கோப்பில் வைத்துவிட்டு, ஒரு பணியாளருக்கும் அதைச் சொல்லாத நிறுவனம். இன்னொன்று எழுத்தில் எதுவும் இல்லாமலே, புதிய ஆசிரியையைச் சேர்க்கும்முன் ஊரில் விசாரித்து, குழந்தைகளோடு தனியே விடாமல் கவனிக்கும் நிறுவனம். முன்னதற்குத் தேவை பயிற்சியும் கண்காணிப்பும். பின்னதற்கு எழுதித் தர ஓர் ஆள் போதும்.

"இல்லை", "பொருந்தாது" இரண்டும் வேறு வேறு குறியீடுகள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் கீழ் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில்தான் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் கீழ் என்றால் புகார் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகும், அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "உள்ளூர்க் குழுவிடம் எப்படிப் போவது என்று பணியாளருக்குத் தெரியுமா?" என்பது. ஆள் எண்ணும்போது இன்னொன்று: அந்தச் சட்டம் ஊதியமில்லாத தன்னார்வலரையும் பணியாளராகவே கொள்கிறது. "எங்களிடம் ஆறு பேர்தான்" என்று சொல்லும் அமைப்பில் மாலை வகுப்புத் தன்னார்வலர்கள் எட்டுப் பேர் இருந்தால் 14. வருங்கால வைப்பு நிதி 20 பேரிலிருந்து பொருந்தும். வெளிநாட்டு நிதியின் கணக்கைக் காட்டும் எஃப்சி-4 ஆண்டறிக்கை எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ உள்ளவர்களுக்கு மட்டும்.

சட்ட வடிவத்துக்கேற்பக் கேள்வியும் மாற வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் நடந்ததா என்பது சங்கத்துக்குச் சரி. அறக்கட்டளைக்குப் பொதுக்குழு கிடையாது; அறங்காவலர் கூட்டத்தைக் கேட்க வேண்டும். ஒரே கேள்வியை இருவருக்கும் போட்டால் நன்றாக நடக்கும் அறக்கட்டளை பூஜ்யம் வாங்கும்.

கேள்வியின் சொல்லமைப்புக்கு ஒரு மாதிரி. "கொள்முதல் நடைமுறையைப் பின்பற்றுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "கடைசியாக 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய பொருள் எது? அதற்கு வாங்கிய கொட்டேஷன்களைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். நிர்வாகச் செலவின் பங்கையும் வாயால் கேட்க வேண்டாம். எஃப்சிஆர்ஏ நிதியில் அது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2020 முதல் சட்டம் (முன்பு 50); ஆகவே எல்லோரும் 18, 19 என்றுதான் சொல்வார்கள். தணிக்கை அறிக்கையிலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் அதில் நிர்வாகச் செலவாகாது என்பதையும் ஆய்வாளருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எப்போது களத்துக்குப் போவது

காலம் தவறினால் நல்ல கேள்வித்தாளும் வீண். கணக்காளர் இல்லாத நாளில் ஏடு திறக்காது. செப்டம்பர் வரை வருமான வரித் தணிக்கை வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் அத்தனை நிறுவனமும் நிவாரணத்தில் இருக்கும். டிசம்பர் 31 எஃப்சி-4 தாக்கலுக்குக் கடைசி நாள். மார்ச் பாதிக்கு மேல் ஆண்டு முடிவுக் கணக்கு. மிஞ்சுவது பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை, ஏறக்குறைய ஏழு வாரம். முந்தைய நிதியாண்டின் தணிக்கை அறிக்கை அப்போது எல்லோரிடமும் தயாராக இருக்கும் என்பது கூடுதல் வசதி.

அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் தொடக்கத்தில் வேலை ஆரம்பிக்க வேண்டும்: பட்டியலுக்கு நான்கு வாரம், அளவுகோலுக்கு மூன்று, முன்னோட்டத்துக்கும் திருத்தத்துக்கும் இரண்டு, பயிற்சிக்கு ஒன்று. மறுபார்வைகளையும் சேர்த்து 80 நாள் வேலை. மூன்று குழு, வாரம் நான்கு நாள் களம், ஒரு நாள் சரிபார்ப்பு என்றால் ஏழு வாரத்தில் முடியும். ஐந்து நாளும் களம் என்று திட்டமிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு இல்லாவிட்டால் தவறுகள் மூன்றாம் வாரம்தான் கண்ணில் படும். அதற்குள் 30 நிறுவனங்கள் முடிந்திருக்கும்.

ஆய்வாளர்களும் முன்னோட்டமும்

குழுவுக்கு இருவர். ஒருவர் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர், மற்றவர் களப்பணி தெரிந்தவர். அதே மாவட்டத்துத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வேண்டாம். தான் ஆய்வு செய்யும் நிறுவனத்தில் அவர் நாளை வேலை கேட்டுப் போகலாம், அல்லது அவருடைய நிறுவனமும் அதுவும் ஒரே நிதிக்குப் போட்டியிடலாம். பயிற்சி நான்கு நாள். அதில் ஒன்றரை நாளாவது உண்மையான மினிட்ஸ் புத்தகம், கேஷ் புக், தணிக்கை அறிக்கை ஆகியவற்றைப் பெயர் மறைத்து வைத்துப் பழக வேண்டும்.

முன்னோட்டத்துக்கு மாதிரியில் வராத ஐந்து நிறுவனங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பிப் பதில்களை ஒப்பிடுங்கள். ஓர் அளவீட்டில் ஐந்துக்கு நான்கிலாவது இருவரும் ஒத்துப்போகாவிட்டால் குறை கேள்வியில் இருக்கிறது. அதைத் திருத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் "முறையாக", "போதுமான", "அவ்வப்போது" போன்ற சொற்கள் இருக்கும் கேள்விகள்தான் இங்கே விழும்.

ஒரு நிறுவனத்தில் ஒரு நாள்

ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்புங்கள்: நோக்கம், தேவைப்படும் ஏடுகளின் பட்டியல், தனி மதிப்பெண் வெளியே போகாது என்ற உறுதி, எந்தக் கட்டத்திலும் மறுக்கலாம் என்ற வரி. பட்டியலை முன்பே கொடுத்தால் ஏடுகளைப் "தயார்" செய்துவிடுவார்களே என்ற கவலை வேண்டாம். கொடுக்காமல் போனால் பாதி ஏடு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும்.

காலையில் நிர்வாகியோடு அரைமணி. பிறகு நேராக ஏடுகள். மினிட்ஸ் புத்தகத்தில் கடைசி நான்கு கூட்டங்களைப் பாருங்கள். தீர்மான எண் தொடர்ச்சியாக இருக்கிறதா, கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை (கோரம்) வருகை தொடுகிறதா, ஒரு தீர்மானத்தின் மேல் அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறதா. ஓராண்டின் நான்கு கூட்டங்களும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே அழுத்தத்தில் இருந்து, எல்லாக் கையெழுத்தும் ஒரே வரிசையில் விழுந்திருந்தால், ஒரே அமர்வில் எழுதியிருக்கக்கூடும். அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். "ஏடு உண்டு, நடைமுறைச் சான்று உறுதியில்லை" என்று குறித்துவிட்டு, பணியாளரிடம் தனியாகப் பேசும்போது கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேளுங்கள். நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்திடும் இருவரும் கணவன் மனைவியா என்பதையும் இங்கேயே பதியுங்கள்.

நிதியில் மூன்று சோதனை போதும். கேஷ் புக் இருப்பையும் பெட்டியில் இருக்கும் பணத்தையும் அவர்கள் எதிரிலேயே அவர்களையே எண்ணச் சொல்லி ஒப்பிடுவது. ஒரு மாதத்தின் வங்கி அறிக்கையை ஏட்டோடு சரிபார்ப்பது. மூன்று வெவ்வேறு மாதங்களிலிருந்து நீங்களே பொறுக்கிய 10 வவுச்சர்களை ஒப்புதல், பில், பணம் போன வழி, பொருள் வந்த பதிவு என்று கடைசிவரை தொடர்வது. வவுச்சரை அவர்கள் எடுத்துத் தர விடாதீர்கள்.

மதியத்துக்கு மேல் களப்பணியாளர் இருவரோடு, நிர்வாகி இல்லாத இடத்தில் பேச்சு. "சம்பளம் போன மாதம் எந்தத் தேதி வந்தது? பணிநியமனக் கடிதம் இருக்கிறதா? உங்களுக்கு மேலே இருப்பவர் மேல் புகார் என்றால் யாரிடம் போவீர்கள்?" இந்த மூன்றும் ஏடுகளில் தெரியாததைச் சொல்லிவிடும். நிர்வாகி கூடவே உட்கார்ந்தால், "சார், இந்தப் பகுதியைத் தனியாக முடித்துக்கொள்கிறோம், எல்லா நிறுவனத்திலும் இதே முறைதான்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மறுத்தால் அதைப் பதியுங்கள்.

மக்களிடம் கேட்பது

73-இல் 15 நிறுவனங்களைக் குலுக்கி எடுத்து, அவர்கள் வேலை செய்யும் ஊரில் 8 முதல் 10 பேரோடு உட்காருங்கள். ஆட்களை நிறுவனம் கூட்டி வரக் கூடாது. பயனாளிகள் பட்டியலிலிருந்து நீங்கள் பொறுக்குங்கள். பெண்களோடு தனி அமர்வு. திருப்தியா என்று கேட்டால், வந்த வரைக்கும் லாபம் என்ற நிலையில் இருக்கும் மக்கள் குறை சொல்லமாட்டார்கள். "இந்தத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? சேராதவர்கள் யார், ஏன்? கேட்டுப் பார்த்தார்களா, என்ன பதில் வந்தது?" என்று கேளுங்கள். தரநிலைகள் அத்தனையும் கடைசியில் இந்த மக்களுக்காகத்தான் எழுதப்பட்டவை. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இந்தப் பகுதியாகவே இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள், பணம் போதாவிட்டால் 40 அளவீடுகளை 32 ஆக்குங்கள்.

பதிவும் கணக்கும்

கைபேசியில் தரவு சேகரிக்கும் கோபோடூல்பாக்ஸ் அல்லது ஓடிகே செயலியில் தமிழிலேயே படிவம் அமைக்கலாம். "பொருந்தாது" வந்தால் தொடர்கேள்விகள் தாமாக மறையும்படி செய்யுங்கள். பயனாளிகள் பட்டியலையோ சம்பளப் பட்டியலையோ படம் எடுக்க வேண்டாம். ஆதார் எண் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

அடுக்குக்கேற்ற எடையைப் போட மறப்பது கணக்கில் நடக்கும் பெரிய பிழை. எழுதிய நிதிக் கொள்கை உள்ளவை பெரியவற்றில் 12-க்கு 10, நடுத்தரத்தில் 24-க்கு 12, சிறியவற்றில் 37-க்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கூட்டினால் 73-க்கு 26, அதாவது 36 சதவீதம். ஆனால் பெரியது ஒவ்வொன்றும் 2.5 நிறுவனத்துக்கும், நடுத்தரம் 3.75-க்கும், சிறியது 4.86-க்கும் பிரதிநிதி. எடை போட்டால் 300-க்கு 89, 30 சதவீதம்தான். அந்த ஆறு புள்ளி இடைவெளி மறு ஆய்வில் பொய் முன்னேற்றமாகவோ பொய்ச் சரிவாகவோ தலைகாட்டும்.

40 அளவீடுகளையும் கூட்டி ஒரே மதிப்பெண் தராதீர்கள். நிதியில் முழு மதிப்பெண் வாங்கிய நிறுவனத்தில் குழந்தைப் பாதுகாப்பு பூஜ்யமாக இருக்கலாம்; சராசரி அதை மூடிவிடும். பகுதிவாரியாக, ஏடு வேறு நடைமுறை வேறாக, பொருந்தும் நிறுவனங்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துச் சதவீதம் கொடுங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து நிறுவனத்துக்குக் குறைவாக இருந்தால் வெளியிட வேண்டாம். மாவட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "1 கோடிக்கு மேல், மீனவர் பணி, பெண் தலைவர்" என்று போட்டால் பெயரே போட்டது போலத்தான்.

திருப்பிக் கொடுப்பதும் பாதுகாப்பதும்

களம் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் சொந்த நிலையை இரண்டு பக்கத்தில், தமிழில், நேரில் கொடுங்கள். உடனே சரிசெய்யக்கூடிய மூன்றை மட்டும் மேலே எழுதுங்கள்: காசோலைக்கு இரண்டாம் கையெழுத்து மாற்றம், பணிநியமனக் கடிதம், உள்ளூர்க் குழுவின் தொடர்பு விவரத்தைச் சுவரில் ஒட்டுவது போன்றவை. அவர்கள் மறுப்பு சொன்னால் சான்றைப் பார்த்துத் திருத்துங்கள். திருத்தத்தைத் தேதியோடு பதியுங்கள்.

மறு ஆய்வு இரண்டு மூன்று ஆண்டு கழித்து, அனேகமாக வேறொரு குழுவால் நடக்கும். அவர்களுக்காக ஒரு கோப்பு கட்டிவையுங்கள்: கேள்வித்தாளின் இறுதி வடிவம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் எந்தச் சான்றை ஏற்றோம் எதை ஏற்கவில்லை என்ற குறிப்பு, பயிற்சிக்குப் பயன்பட்ட பெயர் மறைத்த ஏடுகள், மாதிரிப் பட்டியல், எடைகள், மறுத்தவர் எண்ணிக்கை. நிறுவனப் பெயரையும் குறியீட்டெண்ணையும் இணைக்கும் தாளை மட்டும் தனிக் கடவுச்சொல்லோடு இருவர் பொறுப்பில் வையுங்கள். அதே 73 நிறுவனத்துக்கும் திரும்பப் போக வேண்டும். அதற்குள் மூடிவிட்ட நிறுவனங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைச் சேர்க்கக் கூடாது; அவை மூடியதையும் மாற்றத்தின் கணக்கில் எழுத வேண்டும்.